உதவி என்பதும் ஒரு பதவிதான்!



நம் பேரவை மலரில் வழக்கமாக டீசல் என்ஜின் பற்றியோ, சூரிய சக்தி பற்றியோ கட்டுரை எழுதுவார்கள். நான் கூடைப்பந்து பற்றி எழுதப் போகிறேன் என்றதும் மலர்க் குழுவில் இருக்கும் நண்பன், "ஸ்போர்ட்ஸ் ரிப்போர்ட்தான் தனியாப் போடறோமே, அப்புறம் எதுக்குடா இது?" என்று கேட்டான். இது ஸ்போர்ட்ஸ் ரிப்போர்ட் இல்லை. ஒரு வேலையைப் பற்றிய கட்டுரை. அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்தில் உதவிப் பயிற்சியாளர், அதாவது அசிஸ்டென்ட் கோச் என்று ஒரு வேலை இருக்கிறது. அதற்குள் எப்படி நுழைகிறார்கள், நுழைந்து என்ன செய்கிறார்கள், அங்கிருந்து எங்கே போகிறார்கள் என்பதைத்தான் எழுதப் போகிறேன்.

எனக்கு இதில் அக்கறை வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. கொஞ்சம் வெட்கப்பட வேண்டிய காரணம். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

வேடிக்கை பார்த்த கதை

இரண்டாம் ஆண்டில் நான் கல்லூரி கூடைப்பந்து டீமில் பன்னிரண்டாவது ஆள். பன்னிரண்டாவது ஆள் என்றால் உங்களுக்கே தெரியும். வாட்டர் கேன் தூக்குவது, பந்துக்குக் காற்றடிப்பது, டீம் ஜெயித்தால் போட்டோவில் ஓரமாக நிற்பது. மண்டலப் போட்டிக்குப் போயிருந்தோம். அரையிறுதியில் ஜெயித்துவிட்டோம். இன்னொரு அரையிறுதி அடுத்த கோர்ட்டில் நடந்துகொண்டிருந்தது. பி.டி. சார் என்னைக் கூப்பிட்டு, "தம்பி, நீ சும்மாதானே இருக்கே? அந்த மேட்சைப் போய்ப் பாரு. ஜெயிக்கிறவங்க நாளைக்கு நம்மகூட ஆடுவாங்க" என்றார்.

போனேன். வேர்க்கடலைப் பொட்டலத்தோடு உட்கார்ந்து முழு மேட்சையும் பார்த்தேன். ஏழாம் நம்பர் பனியன் போட்ட ஒரு பையன் பிரமாதமாக ஆடினான். வலதுபக்கம் போவதுபோல ஓர் அடி வைப்பான். தடுப்பவன் அந்தப் பக்கம் சாய்ந்ததும் இடதுபக்கம் திரும்பிப் போய்ப் பந்தைப் போட்டுவிடுவான். ஒவ்வொரு தடவையும் அதையேதான் செய்தான். ஒவ்வொரு தடவையும் நான் கை தட்டினேன்.

மறுநாள் இறுதிப் போட்டியில் அதே பையன் அதே மாதிரி எங்களுக்கும் போட்டான். மூன்றே புள்ளியில் தோற்றோம். பஸ்ஸில் திரும்பும்போது நான் பக்கத்துப் பையனிடம், "அவன் நேத்தும் இப்படித்தான்டா ஆடினான், எப்பவும் இடதுபக்கம்தான்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். முன் சீட்டில் இருந்த சார் திரும்பினார். திட்டவில்லை. ஒரே கேள்விதான் கேட்டார்: "நீ நேத்து மேட்ச் பார்த்தியா, வேடிக்கை பார்த்தியா?"

அந்தக் கேள்வி எனக்குள் தங்கிவிட்டது. மேட்ச் பார்ப்பதையே தொழிலாக வைத்திருப்பவர்கள் எங்கேயாவது இருப்பார்களா என்று தேட ஆரம்பித்தேன். இருக்கிறார்கள். என்.பி.ஏ. என்ற அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீகில், ஒவ்வோர் அணியின் பெஞ்சிலும் தலைமைப் பயிற்சியாளருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார்கள்.

பெஞ்சில் இருப்பவர்களுக்கு என்ன வேலை?

என்.பி.ஏ.யில் 30 அணிகள். ஒவ்வோர் அணிக்கும் அக்டோபரிலிருந்து ஏப்ரல் வரை 82 ஆட்டங்கள். அதற்குமேல் பிளே-ஆஃப் தனி. டி.வி.யில் பார்க்கும்போது கோட் சூட்டிலோ, காலர் வைத்த டி-ஷர்ட்டிலோ ஒருவர் நின்று கத்திக்கொண்டிருப்பார். அவர் தலைமைப் பயிற்சியாளர். அவருக்குப் பக்கத்தில் இரண்டு மூன்று பேர் மடியில் காகிதத்தோடு உட்கார்ந்திருப்பார்கள். பின்வரிசையில் இன்னும் சிலர் இருப்பார்கள். இவர்கள்தான் உதவியாளர்கள். இவர்கள் வேலையை நான் நான்காகப் பிரித்துக்கொள்கிறேன்.

1. எதிரணியைப் படிப்பது. ஓர் அணிக்கு எதிரிகள் 29 பேர். இந்த 29 அணிகளையும் உதவிப் பயிற்சியாளர்கள் தங்களுக்குள் பங்கு போட்டுக்கொள்வார்கள். தன் பங்கில் உள்ள அணியோடு ஆட்டம் வருகிறது என்றால், அந்த அணியின் சமீபத்திய ஆட்டங்களை எல்லாம் பார்த்து ஓர் அறிக்கை தயாரிக்க வேண்டும். ஸ்கவுட்டிங் ரிப்போர்ட் என்பது இதுதான். யார் எந்தக் கையால் பந்தைத் தட்டிக்கொண்டு போக விரும்புகிறான், யாருக்குத் தூரத்திலிருந்து எறிய வராது, டைம்-அவுட் முடிந்து வந்ததும் அவர்கள் வழக்கமாக ஆடும் ஆட்டம் எது, எந்தச் சைகைக்கு என்ன அர்த்தம்? இவ்வளவும் அதில் இருக்க வேண்டும். ஆட்டத்தன்று காலையில் நடக்கும் லேசான பயிற்சியில் அந்த உதவியாளரே வீரர்களுக்கு அதை விளக்குவார்.

2. வீரர்களைத் தேற்றுவது. பயிற்சிக்கு ஒரு மணி நேரம் முன்னாலும் பின்னாலும் ஓர் இளம் வீரனோடு நின்று, அவன் எறிய எறியப் பந்தைப் பொறுக்கிக் கொடுத்து, முழங்கை எங்கே இருக்கிறது, கால் எப்படி ஊன்றுகிறது என்று திருத்துவது. நம் ஒர்க்‌ஷாப்பில் இன்ஸ்ட்ரக்டர் பக்கத்தில் நின்று அரம் பிடிக்கச் சொல்லித் தருவாரே, அதே மாதிரி.

3. ஒரு பகுதிக்குப் பொறுப்பேற்பது. பல அணிகளில் தடுப்பாட்டத்துக்கு ஒருவர், தாக்குதல் ஆட்டத்துக்கு ஒருவர் என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். அணியின் தடுப்பு ஓட்டையாக இருந்தால் முதலில் அந்த உதவியாளரைத்தான் கேட்பார்கள்.

4. ஆட்டத்தின்போது கணக்கு வைப்பது. யாருக்கு எத்தனை ஃபவுல், எத்தனை டைம்-அவுட் பாக்கி, நடுவர் தீர்ப்பை எதிர்த்து முறையிடலாமா வேண்டாமா? முறையிடும் உரிமை 2019-20 சீசனிலிருந்து பயிற்சியாளர்களுக்கு உண்டு. தலைவர் கோபத்தில் இருக்கும்போது பக்கத்தில் ஒருவர் நிதானமாக இருக்க வேண்டும். அந்த நிதானத்துக்கும் சேர்த்துத்தான் சம்பளம்.

இந்த நான்கையும் பாருங்கள். ஒன்றாவது கைதட்டல் வாங்கும் வேலையா? இல்லை. ஆனால் நான்கில் ஒன்று சரியில்லை என்றாலும் தலைமைப் பயிற்சியாளர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் அணி தடுமாறும்.

உள்ளே நுழையும் வாசல்கள்

இந்த வேலைக்கு இன்ன டிகிரி என்று ஒன்றும் கிடையாது. பரீட்சையும் கிடையாது. அப்படியென்றால் எப்படி உள்ளே போவது? நான் படித்துத் தெரிந்துகொண்ட வரையில் பெரும்பாலானவர்கள் நான்கு வாசல்கள் வழியாகப் போயிருக்கிறார்கள்.

முதல் வாசல், ஆடி ஓய்வு பெறுவது. டைரன் லூ என்பவர் 2009 வரை என்.பி.ஏ.யில் ஆடியவர். ஓய்வு பெற்றதும் பாஸ்டன் அணியில் பயிற்சிக் குழுவில் சேர்ந்தார். பிறகு உதவிப் பயிற்சியாளர். 2016 ஜனவரியில் கிளீவ்லாந்து அணியின் தலைமைப் பொறுப்பு கைக்கு வந்தது. அதே வருஷம் ஜூனில் சாம்பியன். பெக்கி ஹாமன் என்ற வீராங்கனையின் கதை இன்னும் சுவையானது. 2013-ல் முழங்காலில் அடிபட்டு ஆட முடியாமல் உட்கார்ந்தபோது, அதே ஊரான சான் அன்டோனியோவின் ஆண்கள் அணிப் பயிற்சிக்குப் போய்க் கவனித்துக்கொண்டிருந்தார். 2014 ஆகஸ்டில் அந்த அணியே அவரை உதவிப் பயிற்சியாளராக எடுத்துக்கொண்டது. என்.பி.ஏ.யில் முழுநேர உதவிப் பயிற்சியாளரான முதல் பெண் அவர்தான். 2020 டிசம்பர் 30 அன்று, தலைமைப் பயிற்சியாளரை நடுவர் வெளியேற்றியதும் மீதி ஆட்டத்தை ஹாமன் நடத்தினார். பிறகு பெண்கள் லீகில் லாஸ் வேகாஸ் அணிக்குத் தலைமைப் பயிற்சியாளராகி 2022, 2023 இரண்டு வருஷமும் கோப்பை வாங்கினார். அடிபட்டுப் படுத்த நேரத்தைப் படிக்கும் நேரமாக்கிக்கொண்டவர்!

இரண்டாவது வாசல், கல்லூரி அணியில் எடுபிடி வேலை. ஃபிராங்க் வோகல் என்பவர் பென்சில்வேனியாவில் ஒரு சிறிய கல்லூரியில் ஆடிக்கொண்டிருந்தார். பெரிய அளவில் ஆட முடியாது என்று அவருக்கே தெரிந்தது. 1994-ல் கென்டக்கி பல்கலைக்கழகத்துக்கு மாறி, அங்கே அணியின் மாணவ மேனேஜர் ஆனார். மாணவ மேனேஜர் என்றால் பெரிய பதவி என்று நினைக்காதீர்கள். பந்து பொறுக்குவது, துண்டு கொடுப்பது, சொன்ன வேலையைச் செய்வது. நம்ம பன்னிரண்டாவது ஆள் மாதிரிதான்! அங்கே பயிற்சியாளராக இருந்த ரிக் பிட்டினோ 1997-ல் பாஸ்டன் செல்டிக்ஸ் அணிக்குப் போனபோது வோகலையும் வீடியோ வேலைக்கு அழைத்துக்கொண்டு போனார். 2011-ல் வோகல் இண்டியானாவின் தலைமைப் பயிற்சியாளர். 2020-ல் லாஸ் ஏஞ்சலீஸ் லேக்கர்ஸோடு சாம்பியன்.

மூன்றாவது வாசல், சின்ன லீகுகள். நிக் நர்ஸ் பல வருஷம் இங்கிலாந்தில் பல ஊர் அணிகளுக்குப் பயிற்சி கொடுத்தார். பிறகு அமெரிக்கா திரும்பி, என்.பி.ஏ.யின் கீழே நடக்கும் வளர்ச்சி லீகில் இரண்டு வெவ்வேறு அணிகளோடு 2011, 2013 ஆண்டுகளில் ஜெயித்தார். 2013-ல் டொராண்டோவில் உதவிப் பயிற்சியாளர். 2018-ல் அதே அணிக்குத் தலைவர். 2019-ல் கோப்பை.

நான்காவது வாசல், வீடியோ அறை. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் டெக்னிக்கல் படிப்பு படிக்கும் நமக்கு இதுதான் பக்கத்து வீடு.

வீடியோ அறையிலிருந்து ஒருவர்

எரிக் ஸ்போல்ஸ்ட்ரா 1970-ல் பிறந்தவர். அம்மா பிலிப்பைன்ஸ் நாட்டுக்காரர். போர்ட்லாந்து பல்கலைக்கழகத்தில் பந்தை நடத்திச் செல்லும் கார்டாக ஆடினார். நன்றாகத்தான் ஆடினார், ஆனால் என்.பி.ஏ.வுக்குப் போதாது. 1993-ல் ஜெர்மனிக்குப் போய், ஹெர்டன் என்ற ஊரில் இரண்டாம் நிலை லீக் அணியில் ஆட்டக்காரராகவும் பயிற்சியாளராகவும் இரண்டு வருஷம் இருந்தார்.

1995-ல் மயாமி ஹீட் அணியில் வீடியோ அறையில் வேலை கிடைத்தது. முதலில் தற்காலிக வேலை. நம் பாஷையில் சொன்னால் டெம்பரவரி போஸ்டிங். அந்த வருஷமே பாட் ரைலி என்ற பெரிய பயிற்சியாளர் அங்கே தலைமைப் பொறுப்புக்கு வந்தார். புதுத் தலைவர் வந்தால் பழைய சின்ன ஆட்கள் போவதுதான் அங்கே வழக்கம். ஸ்போல்ஸ்ட்ரா போகவில்லை, அங்கேயே தங்கிவிட்டார்.

வீடியோ அறை வேலை அப்போது எப்படி என்றால், இரவில் டிஷ் ஆண்டெனா வழியாக வரும் மற்ற அணிகளின் ஆட்டங்களை டேப்பில் பதிவு செய்ய வேண்டும். இரண்டு வி.சி.ஆர்.களை வைத்து, ஒன்றில் ஓடவிட்டு இன்னொன்றில் தேவையான துண்டுகளை மட்டும் ஏற்ற வேண்டும். ஒரு வீரன் இடதுபக்கம் போன இடங்கள் எல்லாம் ஒரு டேப். டைம்-அவுட்டுக்குப் பிறகு ஆடிய ஆட்டங்கள் எல்லாம் ஒரு டேப். காலையில் பயிற்சியாளர்கள் வரும்போது மேஜைமேல் தயாராக இருக்க வேண்டும். வெளிச்சம் இல்லாத அறை, தூக்கம் இல்லாத ராத்திரி. யாரும் உங்கள் பெயரைச் சொல்ல மாட்டார்கள். ஆனால் லீகில் உள்ள எல்லா அணிகளின் எல்லா ஆட்டங்களும் உங்கள் கண் வழியாகத்தான் போகும். இதைவிடப் பெரிய காலேஜ் எங்கே இருக்கிறது?

அவர் ஏறிய படிகளை வரிசையாகத் தருகிறேன்.

1995: வீடியோ பொறுப்பாளர்.
1997: உதவிப் பயிற்சியாளர், கூடவே வீடியோ பொறுப்பும்.
1999: உதவிப் பயிற்சியாளர், கூடவே அட்வான்ஸ் ஸ்கவுட்.
2001: உதவிப் பயிற்சியாளர், கூடவே ஸ்கவுட்டிங் பிரிவின் இயக்குநர்.
2008: தலைமைப் பயிற்சியாளர்.

மொத்தம் 13 வருஷம், ஒரே அணி. ஒவ்வொரு படியிலும் "கூடவே" என்ற சொல்லைக் கவனியுங்கள். பதவி உயர்ந்தபோதும் பழைய வேலை அப்படியே விட்டுப் போய்விடவில்லை. அதன்மேல் புது வேலை ஏறியது. அட்வான்ஸ் ஸ்கவுட் என்பவர் தன் அணிக்கு முன்னால் ஊர் ஊராகப் போய், அடுத்து மோதப் போகும் அணியின் ஆட்டத்தை நேரில் பார்ப்பவர். டேப்பில் தெரியாதது நேரில் தெரியும். பெஞ்சிலிருந்து என்ன சொல்லிக் கத்துகிறார்கள், எந்த விரலைக் காட்டுகிறார்கள், அதற்குப் பிறகு என்ன ஆட்டம் வருகிறது? இதை எல்லாம் கையால் குறித்து அணிக்கு அனுப்ப வேண்டும். என் பி.டி. சார் எனக்குக் கொடுத்த வேலை இதேதான். நான் வேர்க்கடலை தின்றேன். அந்த மனிதர் நோட்டுப் புத்தகம் நிரப்பினார்.

உதவியாளராக இருந்தபோது அவர் செய்த ஒரு வேலை பரவலாகப் பேசப்படுவது. 2004 ஒலிம்பிக் முடிந்து திரும்பிய டுவைன் வேட் என்ற இளம் நட்சத்திரத்தோடு நின்று, எம்பி எறியும்போது அவர் உடம்பின் சமநிலையைச் சரிசெய்ய உழைத்தார். 2006-ல் மயாமி முதல் முறையாக சாம்பியன் ஆனது. இறுதிப் போட்டியில் சிறந்த வீரர் விருது வேடுக்கு. உதவிப் பயிற்சியாளரின் பெயர் அன்றைய தலைப்புச் செய்தியில் வராது. வேடின் கையில் இருந்தது அந்த உழைப்பு.

2007-08 சீசனில் அதே மயாமி 15 ஆட்டம்தான் ஜெயித்தது, 67 ஆட்டம் தோற்றது. ரைலி விலகி, 2008 ஏப்ரல் 28 அன்று, 37 வயது ஸ்போல்ஸ்ட்ராவைத் தலைமைப் பயிற்சியாளர் ஆக்கினார். அடுத்த சீசனில் 43 வெற்றி. 2012, 2013 இரண்டு வருஷமும் சாம்பியன். என்.பி.ஏ. தன் 75-ஆவது ஆண்டை ஒட்டி, வரலாற்றிலேயே சிறந்த 15 பயிற்சியாளர்கள் என்று 2022-ல் வெளியிட்ட பட்டியலில் அவர் பெயரும் இருக்கிறது.

ஒரு விஷயத்தை மறைக்கக் கூடாது. அவருடைய அப்பா என்.பி.ஏ. அணிகளில் நிர்வாகியாக இருந்தவர். "அப்படின்னா சிபாரிசுதானே?" என்று என் ரூம்மேட் உடனே கேட்டான். கதவு திறக்க அது உதவியிருக்கலாம். ஆனால் சிபாரிசு ராத்திரி இரண்டு மணிக்கு டேப் வெட்டாது. 13 வருஷம் ஒருவரை உள்ளே வைத்திருப்பது சிபாரிசால் ஆகிற காரியமில்லை.

இன்றைக்கு டேப் கிடையாது. 2013-14 சீசனில் எல்லா அரங்குகளின் கூரையிலும் ஆறு ஆறு கேமராக்கள் பொருத்தினார்கள்; ஒவ்வொரு வீரனும் பந்தும் இருக்கும் இடத்தை விநாடிக்கு 25 தடவை அவை குறித்தன. அதற்குப் பிறகு இன்னும் நுணுக்கமான கேமரா ஏற்பாடுகள் வந்துவிட்டன. ஆகவே வீடியோ அறைக்குள் நுழையும் பையன் இப்போது கம்ப்யூட்டர் புரோகிராமும் எழுதத் தெரிந்திருந்தால் நல்லது. கருவி மாறிவிட்டது. கேள்வி மாறவில்லை: அந்த ஏழாம் நம்பர் எந்தப் பக்கம் போகிறான்?

மேலே ஏறாமலே உயர்ந்தவர்

உதவியாளர் வேலை என்றாலே தலைமைப் பதவிக்கான படிக்கட்டு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. டெக்ஸ் விண்டர் என்ற பெரியவரின் வாழ்க்கை இதற்கு நேர் எதிராகப் போனது.

1922-ல் பிறந்தவர். 1947-ல் கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் உதவிப் பயிற்சியாளராக ஆரம்பித்தார். பிறகு அதே பல்கலைக்கழகத்தில் 15 வருஷம் தலைமைப் பயிற்சியாளர். 1962-ல் 'முக்கோண ஆட்டம்' என்று இன்று சொல்கிறோமே, அந்த முறையை விளக்கிப் புத்தகமே எழுதினார். கோர்ட்டின் ஒரு பக்கத்தில் மூன்று பேர் முக்கோணமாக, ஒருவருக்கொருவர் 15 முதல் 18 அடி இடைவெளியில் நிற்க வேண்டும். எதிரி எங்கே நகர்கிறான் என்பதைப் பார்த்துப் பந்து அடுத்து எங்கே போக வேண்டும் என்று முடிவு செய்ய வேண்டும். மெக்கானிசம் பாடத்தில் ஒரு லிங்க் நகர்ந்தால் அடுத்த லிங்க் எங்கே போகும் என்று படம் போடுகிறோமே, கிட்டத்தட்ட அந்த மாதிரி.

1971-ல் என்.பி.ஏ.யில் ஹூஸ்டன் அணியின் தலைமைப் பொறுப்பு கிடைத்தது. இரண்டாவது சீசன் முடிவதற்கு முன்பே வேலை போயிற்று. மறுபடியும் கல்லூரிகள். 1985-ல், 63 வயதில், சிகாகோ புல்ஸ் அணி அவரை உதவிப் பயிற்சியாளராக எடுத்தது. நம்ம ஊரில் ரிட்டையர்மென்ட் பார்ட்டி முடிந்திருக்கும் வயசு! முதல் சில வருஷம் அவர் முறையை அங்கே பெரிதாக யாரும் பயன்படுத்தவில்லை. 1987-ல் பில் ஜாக்சன் என்பவர் அங்கே இன்னோர் உதவியாளராக வந்து, இவரிடம் உட்கார்ந்து கற்றுக்கொண்டார். 1989-ல் ஜாக்சன் தலைமைப் பயிற்சியாளர் ஆனதும் முக்கோண ஆட்டத்தை அணிக்குள் கொண்டுவந்தார். மைக்கேல் ஜோர்டன் ஆடிய அந்த அணி 1991, 1992, 1993, மறுபடி 1996, 1997, 1998 என்று ஆறு தடவை சாம்பியன். ஜாக்சன் லேக்கர்ஸ் அணிக்குப் போனபோது விண்டரும் கூடவே போனார். 2000, 2001, 2002 மூன்று வருஷமும் கோப்பை.

உதவியாளராக மட்டும் ஒன்பது கோப்பை! முதல் கோப்பையின்போது அவருக்கு வயது 69. 2011-ல் கூடைப்பந்துப் புகழ் மண்டபத்தில் இடம் கிடைத்தது. 2018-ல் 96-ஆவது வயதில் மறைந்தார். தனக்குப் பிறகு வேலைக்குச் சேர்ந்தவர் தனக்கு மேலே போய் உட்கார்ந்ததும் அவர் முறைத்துக்கொண்டு போயிருக்கலாம். போயிருந்தால் அந்த முக்கோணம் புத்தகத்தோடு நின்றிருக்கும்.

மறுபக்கமும் உண்டு

எல்லாம் இனிப்பாகவே சொல்லிவிட்டால் அது விளம்பரம் ஆகிவிடும். இந்த வேலையின் கசப்பையும் சொல்கிறேன்.

முதலாவது, நிரந்தரம் இல்லை. தலைமைப் பயிற்சியாளரை நீக்கினால், அவர் கொண்டுவந்த உதவியாளர்களும் பெரும்பாலும் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். தன் தப்பு எதுவும் இல்லாமலே வேலை போகும். பிள்ளைகளின் பள்ளிக்கூடம், வீடு, ஊர் எல்லாம் மாறும்.

இரண்டாவது, மேலே இடம் குறைவு. என்.பி.ஏ. முழுவதிலும் தலைமைப் பயிற்சியாளர் நாற்காலி முப்பதுதான். காத்திருப்பவர்களோ நூற்றுக்கணக்கில். அதோடு எல்லாத் தலைவர்களும் உதவியாளராக இருந்துதான் போகிறார்கள் என்றும் இல்லை. ஸ்டீவ் கெர் என்ற முன்னாள் வீரர் 2014-ல் கோல்டன் ஸ்டேட் அணிக்கு நேராகத் தலைமைப் பயிற்சியாளராகவே வந்தார். பத்து வருஷம் டேப் பார்த்தவனுக்கு அது எப்படி இருந்திருக்கும்?

மூன்றாவது, சிலருக்கு வேறு நாடுகளில்தான் வாய்ப்பு. நம் நாட்டுக்கே அப்படி இருவர் வந்திருக்கிறார்கள். யூட்டா அணியில் பல வருஷம் உதவிப் பயிற்சியாளராக இருந்த கென்னி நாட் 2011-ல் இந்திய ஆண்கள் அணிக்குப் பயிற்சியாளர் ஆனார். அவருக்குப் பின் 2012-ல் வந்த ஸ்காட் ஃபிளெமிங், அமெரிக்க வளர்ச்சி லீகில் உதவியாளராக இருந்தவர். அவர் காலத்தில்தான், 2014 ஜூலையில் வூஹான் நகரில் நடந்த ஆசியக் கோப்பைப் போட்டியில், இந்தியா சீனாவை அவர்கள் மண்ணிலேயே 65-58 என்று தோற்கடித்தது. அங்கே உதவியாளராகக் கற்றது இங்கே நமக்கும் உதவியது.

நமக்கு என்ன?

இனி நம் விஷயம். டிப்ளமோ முடித்து வெளியே போகும் நம்மில் பலருக்கு முதலில் கிடைக்கப் போவது அசிஸ்டென்ட், ஜூனியர், அப்ரெண்டிஸ், டிரெய்னி என்று ஆரம்பிக்கும் வேலைதான். இதில் நமக்கு ஒரு குறை. "பி.இ. படிச்சவன் சொல்லுவான், நாம செய்யணும்" என்று ஹாஸ்டல் மொட்டை மாடியில் எத்தனை ராத்திரி பேசியிருக்கிறோம்! என் அக்கா கல்யாணத்தில் ஒருவர், "டிப்ளமோவா? அப்ப அசிஸ்டென்டாத்தான் போடுவாங்க, இல்லையா தம்பி?" என்று கேட்டார். அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அந்தக் குறை பொய் என்று நான் சொல்லவில்லை. சம்பளத்தில் வித்தியாசம் இருக்கும். சில இடங்களில் மரியாதையிலும் இருக்கும். மேலே படிக்க முடிந்தவர்கள் படிக்கத்தான் வேண்டும். ஆனால் இந்தப் பயிற்சியாளர்களின் கதையிலிருந்து நான் எடுத்துக்கொண்டது இவ்வளவுதான்:

ஒன்று, கீழ்ப்படியில் இருப்பவனுக்குத்தான் எல்லாம் கண்ணில் படும். மெஷின் பக்கத்தில் நிற்பவனுக்குத்தான் அதன் சத்தம் மாறுவது முதலில் தெரியும்.

இரண்டு, கண்ணில் பட்டால் போதாது, குறிக்க வேண்டும். குறித்தால் போதாது, மற்றவன் பயன்படுத்துகிற மாதிரி, வேளைக்குச் சொல்ல வேண்டும். பஸ்ஸில் திரும்பும்போது சொல்வதால் பயன் இல்லை.

மூன்று, பதவி வந்த பிறகு அந்த வேலையைக் கற்றுக்கொள்ளலாம் என்று காத்திருந்தவர்களை இந்தக் கதைகளில் நான் பார்க்கவில்லை. அந்த வேலை தெரிந்த பிறகுதான் பதவி வந்திருக்கிறது. சிலருக்கு வரவும் இல்லை. அப்போதும் வேலை வீணாகவில்லை.

கடைசியாக இரண்டு செய்தி

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் அமெரிக்க ஆண்கள் அணி, இறுதி ஆட்டத்தில் பிரான்சை 98-87 என்று வென்று தங்கம் வாங்கியது. தலைமைப் பயிற்சியாளர் ஸ்டீவ் கெர். அவர் பக்கத்தில் உதவியாளர்களாக உட்கார்ந்திருந்தவர்களில் டைரன் லூ ஒருவர், எரிக் ஸ்போல்ஸ்ட்ரா இன்னொருவர். தத்தம் அணிக்குத் தலைவர்கள். கோப்பைகள் வாங்கியவர்கள். ஸ்போல்ஸ்ட்ரா அப்போது 16 வருஷம் தலைமைப் பயிற்சியாளராக இருந்தவர். வீடியோ அறையில் ஆரம்பித்த அந்த மனிதருக்கு மறுபடியும் அசிஸ்டென்ட் நாற்காலியில் உட்காரக் கௌரவக் குறைச்சலாகத் தோன்றவில்லை.

இரண்டாவது செய்தி சின்னது. இந்த வருஷ மண்டலப் போட்டிக்கும் நான் பன்னிரண்டாவது ஆளாகத்தான் போனேன். நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கிக்கொண்டு போனேன். நாங்கள் மோதக்கூடிய நான்கு டீம்களின் ஆட்டங்களையும் உட்கார்ந்து பார்த்து எழுதினேன். யார் எந்தப் பக்கம் போகிறான், யார் களைத்தால் பாஸ் கொடுக்க மறந்துவிடுகிறான் என்று. ஒவ்வொரு மேட்சுக்கும் முந்தின ராத்திரி சார் அதை வாங்கிப் படித்தார். காலையில் பையன்களுக்கு என்னையே சொல்லச் சொன்னார். முதல் தடவை குரல் நடுங்கியது. போன வருஷத்து ஏழாம் நம்பர் இந்த வருஷமும் வந்திருந்தான். இரண்டு தடவை இடதுபக்கம் வழி கிடைக்காமல் நின்றான். மூன்றாவது தடவை பந்தை வேறு ஒருவனுக்குக் கொடுத்துவிட்டான்.

கோப்பை இந்த வருஷமும் வரவில்லை. அரையிறுதியில் எங்களைவிட நன்றாக ஆடிய டீமிடம் தோற்றோம். திரும்பும்போது சாரிடம் நோட்டைத் திருப்பிக் கேட்டேன். "இது ஸ்போர்ட்ஸ் ரூம்ல இருக்கட்டும்ப்பா. அடுத்த வருஷம் வர்ற பன்னிரண்டாவது ஆளுக்கு வேணும்" என்றார்.

முப்பத்தோரு பக்கம் எழுதியிருக்கிறேன். மீதி ஒன்பது பக்கம் காலியாக இருக்கிறது. ஜூனியர் நண்பர்களே, ஸ்போர்ட்ஸ் ரூம் அலமாரியில், பந்துப் பைக்குப் பக்கத்தில் இருக்கிறது. பேனா மட்டும் கொண்டுபோங்கள்.



— மூன்றாம் ஆண்டு மாணவன், இயந்திரவியல் துறை